அணு மாஸ்டரின் மஞ்சள் லேபிள்

கடவுளுக்கு இரசாயனவியல் தெரியும் என்று அடித்துச் சொன்ன மனிதர் இந்தப் பாசல் நகரத்தில் ஒருவர்தான் இருந்தார். சிலநேரம் அவர் கதைக்கிறதைக் கேட்டால், கடவுளுக்கு வேறு ஒன்றும் தெரியாது, இரசாயனவியல் மட்டும்தான் தெரியும் என்பது மாதிரியும் இருக்கும். அவர்தான் எங்கள் அணு மாஸ்டர்.

அவருடைய சொந்தப் பெயர் வேலையிடத்து அட்டையில் இருந்தது. சுவிஸ்காரர் பாதிவரை வாசித்து, மூச்சுவாங்கி, மிச்சத்தை விட்டுவிடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு அவர் அணு மாஸ்டர். கல் அணு, கறி அணு, கவலையும் அணு என்பார். ஆன்மாகூட அணுதான், ஆனால் மெல்லிய அணு என்பார். "அப்ப உங்கட ஆன்மாவை அரிதட்டில போட்டா கீழ விழுமோ மாஸ்டர்?" என்று என் கணவர் ஒருநாள் கேட்டார். மாஸ்டர் கோபிக்கவில்லை. "அவ்வளவு நுண்ணிய அரிதட்டு இன்னும் செய்யேல்லை" என்றார்.

ஊரில், யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினேழு வருஷம் இரசாயனவியல் படிப்பித்தவர். இங்கே ஒரு மருந்துக் கொம்பனியின் ஆராய்ச்சிக் கட்டடத்தில், நிலத்துக்குக் கீழே இருக்கிற அறையில், ஆய்வுகூடக் கண்ணாடிகளைக் கழுவினார். நானும் அங்கேதான் கழுவினேன். பதினான்கு வருஷம் பக்கத்துப் பக்கத்துத் தொட்டி. எனக்குப் படிப்புக் குறைவு. ஓ.எல். விஞ்ஞானத்தில் கோட்டை விட்டவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை. என் தகைமை அவ்வளவுதான்.

முதல்நாள்தான் அந்தக் கழுவும் இயந்திரத்தைப் பார்த்தேன். ஒரு சின்ன அறையளவு பெரிசு. கதவைச் சாத்திவிட்டு, பயத்தில் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டேன். பக்கத்துத் தொட்டியில் இருந்து ஒரு குரல்:

"சிலுவை போட்டது சரி பிள்ளை. இப்ப ஆறாம் நம்பர் புரோகிராமையும் போடு."

அப்படித்தான் அறிமுகம்.

கழுவின கண்ணாடி முகவை ஒன்றை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரு மெல்லிய சேலை மாதிரிப் படர்ந்து இறங்கும். ஊத்தை இருந்தால் முத்துமுத்தாய் நிற்கும். "சுத்தமாக் கழுவினனான் எண்டு நீ சொல்லலாம். கண்ணாடி சொல்லவேணும்" என்றார். நான் உடனே கேட்டேன்: "அப்ப மனுசற்ற மனசை எந்த வெளிச்சத்தில பிடிக்கிறது மாஸ்டர்?" அவர் முகவையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஓ, நீ கேள்வி கேக்கிற ஆளோ" என்றார். அன்று தொடங்கின சண்டை.

அந்த மாதமே நான் ஒரு பெரிய பிழை விட்டேன். மூன்றாம் மாடியிலிருந்து வந்த வண்டிலில் ஒரு குடுவை. உள்ளே கலங்கல் தண்ணீர். கழுத்தில் மஞ்சள் நாடா ஒட்டி ஏதோ எழுதிக் கிடந்தது. அப்போது எனக்கு ஜெர்மன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. நாடாவை உரித்தேன். ஆறாம் நம்பர் போட்டேன். குடுவை பளபளவென்று வந்தது. எனக்கே பெருமை.

ஒரு மணித்தியாலத்தில் படிகளால் ஒரு வெள்ளைக்காரப் பொடியன் இறங்கி வந்தான். ஆராய்ச்சி மாணவன். முகத்தில் இரத்தம் இல்லை. அது அவனுடைய மூன்று கிழமை வேலை. நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டேன். மாஸ்டர் அவனைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிப்போய் ஏதோ கதைத்தார். பொடியன் அழுவதா யோசிப்பதா என்று தெரியாத முகத்தோடு மேலே ஏறிப் போனான்.

"என்ன மாஸ்டர் சொன்னீங்கள்?"

"மூண்டு கிழமையில வந்த முடிவு உண்மையெண்டா திரும்பவும் வரும். திரும்ப வராட்டி அது உண்மையில்லை, நல்லகாலம் தப்பினாய் எண்டு சொன்னனான்."

பிறகு அந்தக் கசங்கின மஞ்சள் நாடாவைக் குப்பையில் இருந்து எடுத்து, மேசையில் தட்டையாக்கி, எனக்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினார். "ஃபெர்சுக் லொய்ஃப்ட். சோதனை நடக்குது எண்டு அர்த்தம். இந்த நாலு மாடியிலயும் இதுதான் பெரிய கட்டளை. இது ஒட்டியிருந்தா, உள்ளுக்குப் பூஞ்சணம் பிடிச்சாலும், புழு நெளிஞ்சாலும், கொம்பனி முதலாளியே வந்தாலும் கை வைக்கக்கூடாது. ஒட்டினவன்தான் கிழிக்கலாம்."

"ஒட்டினவர் வேலையை விட்டுப் போயிட்டாரெண்டா?"

"அப்ப அது இருக்கும்."

உண்மைதான். மூன்றாம் மாடி யன்னலோரம் ஒரு குடுவை இருந்தது. ஒட்டினவர் எப்போதோ வேறு நாட்டுக்குப் போய்விட்டார். உள்ளே முதலில் பச்சை, பிறகு கறுப்பு. தூசு தட்டுகிறவர்கள் அதைச் சுற்றித் தட்டுவார்கள். "அதுக்குள்ள எல்லாம் செத்துப்போச்சு மாஸ்டர், கிட்டப்போக மணக்குது" என்றேன். "மணக்குதெண்டா ஏதோ நடக்குது எண்டுதானே அர்த்தம்" என்றார்.

அந்த மஞ்சள் நாடாவில் ஒரு சுருள் அவருடைய வீட்டிலும் இருந்தது. பாதி படித்த பத்திரிகையில் ஒட்டுவார். பாதி விளையாடின செஸ் பலகையில் ஒட்டுவார். அவருடைய அடுக்குமாடியில் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு முறை போட்டிருக்கும். வியாழக்கிழமை காலை இவருடைய முறை. யாரும் முந்திவிடக்கூடாதென்று முதல்நாளே இயந்திரக் கதவில் லேபிளை ஒட்டிவிடுவார். சோதனை நடக்கிறது என்று சுத்தமான ஜெர்மனில் இருந்ததால் ஒரு சுவிஸ் மனிதரும் கிட்டப் போகவில்லை. வீட்டுக் காவலாளி மட்டும் மரியாதையாகக் கேட்டாராம், உள்ளே இருப்பது ஆபத்தான பொருளா என்று. "இல்லை, நான் வீட்டில கட்டுற சாரம்" என்றாராம் மாஸ்டர்.

இனி அவர் மதம் மாறின கதை. பிறப்பால் சைவம். ஆனால் கோயிலுக்குப் போனால் அன்னதான வரிசையில்தான் காணலாம். ஒரு கேள்விதான் அவரைக் குடைந்துகொண்டிருந்தது. அதை எங்கள் தமிழ்ப் பங்குத்தந்தையிடமே கொண்டுவந்தார். என் மகளின் முதல்நன்மை விருந்து. ஃபாதர் கோழிக்காலைக் கையில் எடுத்த நேரம்.

"ஃபாதர், கடவுள் உலகத்தை எதிலயிருந்து செய்தவர்?"

"ஒண்டுமில்லாமையில இருந்து, மாஸ்டர்."

"சடப்பொருளை ஆக்கவும் ஏலாது அழிக்கவும் ஏலாது எண்டு நான் பதினேழு வருஷம் கரும்பலகையில எழுதினனான். படிச்ச பிள்ளையள் இப்ப கனடாவிலயும் லண்டனிலயும். ஒவ்வொண்டாத் தேடிப்போய் அழிரப்பரால அழிக்கச் சொல்லுறியளோ?"

ஃபாதர் பொறுமைசாலி. "விஞ்ஞானம் எப்பிடி எண்டு சொல்லும் மாஸ்டர். விசுவாசம் ஏன் எண்டு சொல்லும்" என்றார். மாஸ்டர் விடவில்லை. "அப்ப ஒரே வினாத்தாள், ரெண்டு பேர் பாதி பாதி எழுதினமோ?" ஃபாதர் கோழிக்காலைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் மழைநாள் ஒன்றில் ட்ராம் தரிப்பிடத்தில் இரண்டு அமெரிக்கப் பொடியன்கள் அவரை மறித்தார்கள். வெள்ளைச் சேட், கழுத்துப்பட்டி. நெஞ்சில் அட்டை, அதில் 'மூப்பர்' என்று எழுத்து. ஒருவனுக்கு மீசையே அரும்பவில்லை. மோர்மன் சபையில் ஊழியத்துக்கு வருகிற பத்தொன்பது வயதுப் பொடியனுக்கும் அதுதான் பட்டம். மாஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவர்கள் சொன்னார்கள்: கடவுள் வெறுமையிலிருந்து ஒன்றையும் படைக்கவில்லை, ஏற்கனவே இருந்த பொருளை ஒழுங்குபடுத்தினார், சடப்பொருள் என்றும் உள்ளது, ஆன்மாவும் ஒருவகை நுண்ணிய பொருள்தான்.

மாஸ்டர் இரண்டு ட்ராமை விட்டுவிட்டார். மூன்றாவது ட்ராமில் மூப்பர் தம்பிமார் இருவரையும் வீட்டுக்கே கூட்டிப்போய்ப் புட்டும் முட்டைப்பொரியலும் கொடுத்தார். அடுத்தநாள் தொட்டியடிக்கு வந்து, தேர்தலில் வென்ற மனிதர் மாதிரி நின்றார். "பிள்ளை, கடவுள் எங்கட ஆள். அவரும் விதிப்படிதான் வேலை செய்யிறார். புதுமை எண்டு நீங்கள் சொல்லுறது, எங்களுக்கு இன்னும் தெரியாத விதி. அவ்வளவுதான்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப கடவுளுக்கு மேல விதியோ? விதிக்குக் கீழ நிக்கிறவர் என்ன கடவுள்? அவரும் எங்களைப்போல ஆரோ சொன்ன ஆறாம் நம்பர் புரோகிராமைப் போடுறவரோ?"

"விதியை மதிக்கிறவன்தான் பெரியவன்."

"ஒண்டுமில்லாமையில இருந்து படைக்க ஏலாதவர், ஒண்டுமே தெரியாத என்னை எப்பிடி மாஸ்டர் ஒரு ஆளாக்கினவர்?"

மாஸ்டர் ஒரு பரிசோதனைக்குழாயை நாலுதரம் கழுவினார். பிறகு சொன்னார்: "நீ ஒண்டுமில்லாமையோ? உன்னட்ட நிறையச் சாமான் கிடந்தது. ஒழுங்கில்லாமல் கிடந்தது." திட்டினாரா புகழ்ந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஞானஸ்நானம் பெற வேண்டுமென்றால் தேத்தண்ணியும் கோப்பியும் விடவேண்டும் என்றார்கள் மூப்பர் தம்பிமார். யாழ்ப்பாணத்து மனிதரிடம் தேத்தண்ணியை விடச் சொல்வது எவ்வளவு பெரிய கதை! ஒரு நாளைக்கு ஒன்பது கோப்பை குடிக்கிறவர். "சட்டெண்டு விட ஏலாது. முறைப்படி விடுறன்" என்றார். முறை என்னவென்றால், ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியில் பாதியை ஊற்றிவிட்டு அந்த இடத்துக்குச் சுடுதண்ணி விடுவது. அடுத்தநாள் அதிலும் பாதி. குளிர்பெட்டியில் போத்தல், போத்தலில் மஞ்சள் லேபிள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, எழுபத்தேழாம் நாள் தேயிலையின் கடைசி மூலக்கூறும் போய்விடும், எழுபத்தெட்டாம் நாள் ஞானஸ்நானம் என்று அறிவித்தார்.

எங்கள் ஒன்பது மணி இடைவேளை அந்த நாட்களில் கிரிக்கெட் மட்ச் மாதிரி. மேல் மாடியிலிருந்து பெரிய டொக்டர் அம்மாவே இறங்கிவந்து, "இன்றைக்கு எத்தனையாம் நாள்?" என்று கேட்டுப் போவார். மூப்பர் தம்பிமார் கெஞ்சினார்கள், முப்பதாம் நாளே அது வெறும் தண்ணீர், போதும் என்று. "உங்களுக்கு வெறும் தண்ணி. அணுவுக்குத் தெரியும்" என்று மறுத்துவிட்டார். எழுபத்தேழாம் நாள் கடைசி மிடறு குடித்து, கண்ணை மூடி, மெதுவாக என் காதில் மட்டும் சொன்னார்: "நாப்பதாம் நாளும் இதே ருசிதான் பிள்ளை." அதற்குப் பிறகு சாகும்வரை சுடுதண்ணிதான். அதுவும் தேத்தண்ணிக் கோப்பையில், ஊதி ஊதி.

மதம் மாறினதும் ஊர் சும்மா இருக்குமா? ஒரு கலியாண வீட்டில் ஒருவர் பந்தியிலேயே கேட்டார், "மாஸ்டர், உங்கட சமயத்தில நாலு கலியாணம் கட்டலாமாமே?" எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். "அதை அவையள் எப்பவோ நிப்பாட்டியாச்சு. எனக்கு ஒண்டையே கொண்டுவந்து சேர்க்க ஏலாமல் கிடக்கு" என்றார்.

கேட்டவர் குனிந்து சோற்றைக் குழைக்கத் தொடங்கினார்.

அந்த ஒன்றின் பெயர் மலர். மாஸ்டருடைய மனைவி. இவர் முதலில் வந்து, பிறகு அவவைக் கூப்பிடுவதென்று முடிவு. இங்கே விசா இழுபட்டது. அங்கே அவ தாயோடு வன்னியில் இருந்தா. யுத்தத்தின் கடைசிச் சண்டை வந்தது. ஒருநாள் தொலைபேசியில், "சனத்தோட வெளிக்கிடுறம், பிறகு எடுக்கிறன்" என்று சொன்னாவாம். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. இறந்தவர் பட்டியலிலும் பெயர் இல்லை, முகாம் பட்டியலிலும் இல்லை. மாஸ்டர் தொலைபேசி இலக்கத்தை மாற்றவே இல்லை. கொம்பனி புதுப் போன் கொடுத்தபோதும் பழைய சிம்தான். சிலநேரம் இயந்திரம் ஓடுகிற இரைச்சலில் சட்டெனத் திரும்பி, "பிள்ளை, மணி அடிச்சதோ?" என்று கேட்பார். அடித்திராது.

மோர்மன்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குடும்பம் இந்த உலகத்தோடு முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. பேர்ண் பக்கம் இருக்கிற அவர்களுடைய ஆலயத்தில், புருஷனையும் பெண்சாதியையும் பிள்ளைகளையும் என்றென்றைக்கும் ஒன்றாய்ச் சேர்த்து முத்திரை வைப்பார்கள். இறந்துபோனவர்களுக்கும் அதைச் செய்யலாம், வேறொருவர் அவர்களுக்குப் பதிலாய் நிற்பார். அதற்காக முன்னோர் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி எல்லாம் தேடி எழுதுவார்கள். மாஸ்டர் அந்த மதத்துக்குப் போனதற்குச் சடப்பொருள் காரணம் என்றுதான் உலகத்துக்குச் சொன்னார். எனக்கு வேறு காரணம் தெரியும்.

பெயர் தேடுகிற வேலையில் மனிதர் பேய் பிடித்த மாதிரி இறங்கினார். கனடாவில் இருக்கிற தொண்ணூறு வயதுப் பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, "அப்புவின்ர தேப்பன் எப்ப பிறந்தவர்?" என்று குடைவார். அவர், "வெள்ளம் வந்த வருஷம்" என்பார். "எந்த வெள்ளம்?" "பெரிய வெள்ளம்." கடைசியில் பழைய சாதக ஓலைகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். சாத்திரம் பார்ப்பது மூடத்தனம் என்று வாழ்நாள் முழுக்கப் பேசினவர்!

"இப்ப மட்டும் சாதகம் எதுக்கு மாஸ்டர்?"

"பலன்தான் பிள்ளை பொய். வியாழன் எந்த வீட்டில நிண்டது, சனி எங்க நிண்டது எண்டது உண்மை. அதை வைச்சுப் பின்னுக்குக் கணக்குப் போட்டா திகதி விழும்." விழுந்தது. பாட்டன், பூட்டன் எல்லாருடைய பிறந்தநாளையும் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டில் என் கணவருடைய பிறந்தநாளே அகதி அட்டையில் ஜனவரி ஒன்று என்று கிடக்கிறது!

பெரிய கடதாசியில் வம்ச மரம் நிரம்பியது. ஒரு கட்டம் மட்டும் வெறுமை. மலர் இறந்த திகதி. உயிரோடு இருக்கிறவருக்கு, அவர் இல்லாமல் அந்தச் சடங்கு செய்ய முடியாது. இறந்தவர் என்று எழுதினால் செய்யலாம். மூப்பர் தம்பிமார் மிக மரியாதையாக, மெதுவாகச் சொன்னார்கள்: எங்களுக்கு விளங்குகிறது, நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், அவ உங்களோடு என்றென்றைக்கும்.

அதைத்தான் அந்த மனிதர் உலகத்திலேயே அதிகம் ஆசைப்பட்டார். எழுதினாரா? இல்லை.

"ஆதாரம் இல்லை" என்றார்.

நாங்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்தோம். என் கணவர் ஒருநாள் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார், "மாஸ்டர், இத்தினை வருஷம். அக்கா இல்லை. மனசைத் தேத்திக்கொள்ளுங்கோ." மாஸ்டர் நிமிர்ந்து, "நீர் பாத்தனீரோ?" என்று கேட்டார். "கடவுளை மட்டும் பாத்தோ நம்புறியள்?" என்றார் என் கணவர். "நான் நம்பிக்கையைக் கேக்கேல்லை. ஒரு கட்டத்தில எழுதிறதைப் பற்றிக் கதைக்கிறன். எழுதினாப் பிறகு அது முடிவு." 

இனி நான் செய்த பாவத்தைச் சொல்லவேண்டும். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன். கார்த்திகையில் எங்கள் கோயிலில் இறந்த ஆன்மாக்களுக்குப் பூசை. பெயர்களை எழுதிக் கடித உறையில் போட்டுக் கொடுத்தால் ஃபாதர் பீடத்தில் வாசிப்பார். என் அப்பா, அம்மா, மாமியார் என்று எழுதிக்கொண்டு வந்தேன். கை தன்பாட்டில் 'மலர்' என்று எழுதிவிட்டது. அவவுக்கு ஒருவரும் ஒரு பூசைகூட ஒப்புக்கொடுக்கவில்லையே என்று நினைத்தேன். ஃபாதர் வாசித்தார். நான் அழுதேன். வீட்டுக்கு வந்து நிம்மதியாய்ச் சாப்பிட்டேன்.

என் கணவருக்கு வாயில் ஒன்றும் நிற்காது. திங்கட்கிழமை ட்ராமில் மாஸ்டரைக் கண்டதும் சந்தோஷமாகவே சொல்லிவிட்டார்: "மலர் அக்காவுக்கும் பூசை வைச்சாச்சு மாஸ்டர்."

அன்று காலை மாஸ்டர் தொட்டியடிக்கு வந்தார். மேலங்கி போட்டார். கையுறை போட்டார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ரெண்டாந்தரமும் லேபிள் பாக்காமல் கழுவிப்போட்டாய், பிள்ளை."

அதற்குப் பிறகு மூன்று கிழமை கதைக்கவில்லை. ஆனால் வேலை நடக்கவேண்டுமே! மஞ்சள் நாடாவில் எழுதி எழுதி ஒட்டினார். இயந்திரத்தில்: 'ஆறாம் நம்பர் அல்ல, நாலு.' என் முகவையில்: 'முத்து நிற்குது. திரும்பக் கழுவவும்.' மத்தியானம் வழக்கம்போல என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு கட்லட்டை எடுத்துக்கொண்டு, மூடியில் ஒட்டினார்: 'நன்றி. உப்புக் குறைவு.' நான் சிரித்திருப்பேன். சிரிக்க முடியவில்லை. அந்த அறையில் இயந்திரத்தின் சத்தத்தை முதன்முதலாக நான் முழுதாய்க் கேட்டது அந்த மூன்று கிழமைதான்.

ஃபாதரிடம் போனேன். பாவசங்கீர்த்தனம் செய்ய. அவர் எல்லாவற்றையும் கேட்டார். இறந்தவர்களுக்கு மட்டும்தான் மன்றாட வேண்டுமென்று யார் உனக்குச் சொன்னது, பயணத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் மன்றாடுகிறோமே, அதிலே கொடு என்றார். கோழிக்கால் நாளை நினைத்தாரோ என்னவோ, "மாஸ்டரையும் வரச்சொல்லு. கேள்வி கேக்காமல் இருக்கச் சொல்லு" என்று சிரித்தார்.

நான் மாஸ்டரிடம் வாயால் கேட்கத் துணியவில்லை. அவருடைய நாடாவிலேயே எழுதி, அவர் தொட்டியில் ஒட்டினேன்: 'ஞாயிறு பத்து மணி. மலர் அக்காவை வேற தட்டில, பயணத்தில இருக்கிற ஆக்களோட வைக்கிறன். வாங்கோ.'

வந்தார். அவர்களுடைய சபையில் தொழுகை முடித்த கையோடு, வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியுமாய் வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தார். பிரசங்கத்தில் இரண்டு இடத்தில் கை உயர்த்தப் பார்த்தார். நான் திரும்பி முறைத்தேன். பிறகு ஃபாதர் வாசித்தார்: பயணத்தில் இருப்பவர்களுக்காக, வீடு வந்து சேராதவர்களுக்காக, மலருக்காக. மாஸ்டர் தலை குனிந்தார். வெளியில் பனியில் நின்று என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஓம் பிள்ளை. இதுதான் சரியான தட்டு." இரண்டடி நடந்து திரும்பி, "எண்டாலும் ஒண்டுமில்லாமையில இருந்து எண்டதை நான் ஒத்துக்கொள்ளேல்லை" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மலரின் பெயரைக் கொடுத்தேன். இப்போதும் கொடுக்கிறேன்.

போன மாசியில் மாஸ்டருக்கு இதயம் களைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, திரையில் ஓடுகிற கோட்டைக் காட்டி, "என்ன வடிவான வரைபு பார்" என்றார். பிறகு, "இனி நேர போய்ப் பாக்கப்போறன் பிள்ளை" என்றார். "ஒரு கவலைதான். முடிவை எழுதி அனுப்ப ஏலாத சோதனை இது ஒண்டுதான்."

நான் கேட்டேன்: "அங்க அக்கா இருந்தா நல்லது. இல்லாட்டி?"

அவர் என்னை, ஒரு லேசான கணக்குக்குப் பிழையான விடை சொன்ன மாணவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இல்லாட்டி இன்னும் சந்தோசம்தானே. இங்க எங்கயோ இருக்கிறா எண்டு அர்த்தம்."

போனை என் கையில் தந்தார். சார்ஜ் போட்டு வைக்கச் சொன்னார். நாலாம் நாள் போய்விட்டார். போன் இப்போதும் எங்கள் வீட்டு அந்தோனியார் சுரூபத்தடியில் சார்ஜில் கிடக்கிறது.

பங்குனியில் இரண்டு புது மூப்பர் தம்பிமார் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் பழக்கத்தில் தேத்தண்ணி போடப் போய், நினைவு வந்து, சுடுதண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். மாஸ்டருடைய வம்ச மரம் என்னிடம்தான் இருந்தது. விரித்தேன். அவர்கள் மிகப் பணிவாகக் கேட்டார்கள்: இப்போது அவரும் இல்லை, இனி அந்த ஒரு கட்டத்தை நிரப்பினால், இருவரையும் சேர்த்து வைக்கலாமே?

நல்ல மனதோடுதான் கேட்டார்கள். மாஸ்டர் ஆசைப்பட்டதும் அதுதான். நான் மலரின் கட்டத்தைக் காட்டினேன். அதற்குமேல் மஞ்சள் நாடா, மாஸ்டருடைய வடிவான கரும்பலகைக் கையெழுத்து. மூத்த தம்பி குனிந்து மெதுவாக வாசித்தான். "ஃபெர்சுக் லொய்ஃப்ட்."

"ஒட்டினவர்தான் கிழிக்கலாம், தம்பி" என்றேன்.

"ஆனால் அவர் போய்விட்டாரே?"

"ஓம். அப்ப அது இருக்கும்."

அந்தப் பிள்ளை நாடாவின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டான். பிறகு கடதாசியைத் தானே சுருட்டி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தான். கடவுளுக்குப் பொறுமை இருக்கிறது என்றான். அந்த வயதில் அது தெரிந்திருந்தால் அவன் மூப்பர்தான்.

நான் இன்னும் கீழ் அறையில்தான் கழுவுகிறேன். பக்கத்துத் தொட்டிக்கு ஒரு போர்த்துக்கல் பெண் வந்திருக்கிறா. நல்ல பிள்ளை, கேள்வி கேட்பதில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகம் வந்ததா, இருந்ததிலிருந்து வந்ததா என்று சண்டை பிடிக்க இந்தப் பாசல் முழுக்கத் தேடினாலும் எனக்கு ஆள் இல்லை. கண்ணாடி அடுக்குகிற தட்டின் மேல்மூலையில் மாஸ்டருடைய கோப்பை இருக்கிறது, அவர் கடைசியாய்ச் சுடுதண்ணி குடித்துவிட்டு வைத்தபடி. வந்த முதல்நாளே அந்தப் பெண் அதைக் கழுவ எடுத்தா. பிறகு கோப்பையின் பிடியில் இருந்த மஞ்சள் நாடாவைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்ப வைத்துவிட்டா.

ஒட்டினது நான். கிழிக்கிற எண்ணம் எனக்கில்லை.